எட்டுக்கு எட்டாத இலை

தொழிற்சாலைக் கழிப்பறைக்குப் பின்னால்
வடக்குச் சுவரை ஒட்டி நிற்கிறது.
வெயில் கேட்பதில்லை, உரம் கேட்பதில்லை,
நட்டது யாரென்று முதலாளி இமானிஷிக்கும் தெரியாது.
எந்தக் குளிரிலும் ஓர் இலையைக்கூட
மொத்தமாய் உதிர்த்து நாடகமாடாத பச்சை.
பெயர் யாட்சுதே.
எட்டுக் கை என்று பொருள்.

நான் இங்கே கணக்கு எழுதுகிறவள்.
ரைஸ் குக்கர் மூடிகள்
நாளொன்றுக்கு இரண்டாயிரத்து நானூறு, கழிவு போக.
அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
கழிவுக் கணக்கில் எழுத முடியாத இரண்டு விழுந்தன:
தோகுமாருவின் இடது கைச் சுண்டுவிரல்,
அதற்கு அடுத்தது.

படிவம் வந்தது, மூன்று பிரதி.
இழந்தவை என்ற கட்டத்தில் 2.
எஞ்சியவை என்ற கட்டத்தில் 8.
எதிரில் உட்கார்ந்து தலைகீழாக வாசித்தார்.
"இந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் எட்டுதான்," என்றார்.

டிசம்பரில் திரும்பி வந்தவருக்கு
பிரஸ் மேடை இல்லை; பெட்டி ஒட்டும் மேசை.
நாடாவைப் பல்லால் கிழித்தார்.
அந்தக் கையைப் பார்க்காமலிருக்க
பதினோரு பேரும் பட்ட பாடு
பார்ப்பதைவிட உறுத்தியது.

சிகரெட் நேரத்தில் ஆள் செடியருகில்.
இலையை மடக்கி மடக்கி விரல் எண்ணுகிறார்.
ஏழு. ஒன்பது. ஏழு. ஏழு. ஒன்பது.
அடியில் ஒரு கிழட்டு இலை, பதினொன்று.
"ஒன்றுகூட எட்டை எட்டவில்லை,
எட்டினால் தாண்டிவிடுகிறது."
அந்தக் காலத்தில் நிறைய என்பதற்கு
எட்டு என்பார்களாம் என்றேன்.
"அப்படியானால் படிவத்தில்
நிறைய என்றே எழுதியிருக்கலாமே."

ஞாயிற்றுக்கிழமை செடிக்கடையில் அதே இலை,
கைக்கடக்கமான தொட்டியில், எண்ணூற்றெண்பது யென்.
சீட்டில் வேறு பெயர்: ஃபாட்சியா.
கப்பலில் வந்த எவரோ
எட்டு என்று இங்கே சொன்னதை
அப்படிக் கேட்டு, அப்படியே எழுதிப்போனாராம்;
கடைக்காரப் பெண் சொன்னாள், விலையைக் குறைக்கவில்லை.
வாங்காமல் வந்தேன்.
தப்பாக எண்ணியதை
தப்பாகக் கேட்டும்
செடி எங்கெல்லாமோ செழித்திருக்கிறது.

அந்த வாரம் பூத்தது.
வெள்ளை உருண்டைகள், காம்பில் குத்திய மாவுருண்டை மாதிரி.
வேறெதுவும் பூக்காத மாதம்.
வந்தவை ஈக்கள், கொழுத்த நீல ஈக்கள்,
தேனீக்களுக்கான மரியாதையோடு
அவற்றையும் அது உட்காரவைத்தது.

அப்போதுதான் பார்த்தேன், சாக்கடைப் பக்கம், ஓர் எட்டு.
ஒன்பதாவதை வாயு உருளை வண்டி உரசிப்போயிருக்கிறது.
வெட்டு ஆறி, ஓரம் பழுப்புக் கோடு.
மூன்று நாள் சொல்லவில்லை.
நான்காம் நாள் அவரே கண்டுபிடித்து
இடது உள்ளங்கையை அதன்மேல் விரித்து வைத்தார்.
"இவனும் நம்ம பிரஸ்ஸில் இருந்தவன் போல."
நான் சிரித்துவிட்டேன்.
சிரித்துவிட்டேனே என்று வாயைப் பொத்தினேன்.
அவர் புகையை விட்டார், நேரம் பார்த்தார், போனார்.

ஜனவரியில் படிவம் திரும்பி வந்தது.
எண்களில் குறையில்லை;
முத்திரை மங்கல், மறுபடி பதிக்கவும்.
மேசையில் விரித்தேன். சிவப்பு மையைத் திறந்தேன்.
வலது கையை வேண்டுமென்றே பையில் போட்டுக்கொண்டு
மிச்ச மூன்று விரலால் முத்திரையைப் பிடித்து
அழுத்தினார்.

கண்ணை மூடிக்கொண்டது நான்.