மிச்சமான இடம்

ராவுமா கடலோடிக் கல்லூரியில்
ஜூலை என்றால் ஆள் கிடையாது.
எல்லோரும் ஏரிக்கரை மரவீடுகளுக்குப் போய்விட்டார்கள்,
ஐலாவைத் தவிர.

பாடத்தளம் வீங்கிவிட்டது, வாடகை ஏறுகிறது,
ஆகஸ்டுக்குள் இரட்டைகளைக் களையவும்
என்றது மின்னஞ்சல்.
இரண்டு முறை வந்திருந்தது.

ஆண்டுதோறும் பழைய பாடத்தை அப்படியே நகலெடுத்து
நெற்றியில் புது ஆண்டை ஒட்டுவது இங்கே வழக்கம்.
நகலுக்குள் நகல்,
அதற்குள் முந்தின ஆண்டின் மூட்டை அவிழாமல்.
இறுதி. இறுதி இரண்டு. உண்மையான இறுதி.
இதைத் திறக்காதே.
துறைமுக வாயிலின் விளக்குப் படம் ஒன்று
எண்பத்தெட்டு இடங்களில் எரிந்துகொண்டிருந்தது.
எண்பத்தேழை அணைத்தாள்.
எந்தக் கப்பலும் தரைதட்டவில்லை.

பிறகு கை பழகிவிட்டது.
ஏலக்காய் ரொட்டியின் சர்க்கரை விசைப்பலகையில் உதிர,
தேர்ந்தெடு, அழி, ஆம், நிச்சயமாக,
தேர்ந்தெடு, அழி.

வியாழனன்று உர்போவின் பாடத்துக்கு வந்தாள்.
கயிறும் முடிச்சும். பன்னிரண்டு பக்கம்.
பதினேழு தடவை ஏற்றியிருந்தார் மனிதர்.
எண்ணிப் பார்த்த இயந்திரம் சொன்னது:
எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி ஒன்றே.
மாவு ஒன்றுதான். பெயர்கள்தாம் வேறு:

செவ்வாய்க்கிழமை வராத நீலோவுக்கு
நீலோவுக்கு, மறுபடியும்
சைமி, ஒன்பதாம் பக்கம் போதும், பயப்படாதே
கப்பலில் இருக்கும் ஏவெர்த்திக்கு, கரை தெரியும்போது இறக்கிக்கொள்
யாரோ கேட்டீர்கள், பெயர் மறந்துவிட்டேன்

வாசித்தது பதினோன்றை அழித்த பிறகுதான்.
அதுவரை ஓரத்து எண்களை மட்டுமே பார்த்திருந்தாள்.

கை நின்றதால் கண் மேலே போனது.
அளவுமானி திங்கட்கிழமை காலையில் தொண்ணூற்றொன்று காட்டியது.
இப்போதும் தொண்ணூற்றொன்று.
நாலு நாள், இரண்டாயிரத்துச் சொச்சம் கோப்பு,
முள் இம்மி அசையவில்லை.

துர்க்குவிலிருந்து சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இஸ்மோ
தொலைபேசியில் ஏதோ மென்றுகொண்டே சொன்னான்:
அட, ஒரே பொருளை அது ஒரு தடவைதான் வைத்துக்கொள்ளும்.
நூறு தடவை போட்டாலும் உள்ளே ஒன்று.
மற்றதெல்லாம் அதைக் கைகாட்டும் பெயர்கள்.
பெயர் என்ன பெரிய இடமா அடைக்கும்?
நீ அழித்தது பெயர்களைத்தான்.
இடத்தைத் தின்பது பழைய காப்புப் பிரதிகள். இரு.

ஒரு விசை தட்டும் சத்தம்.
அறுபத்துநாலு.

நன்றி சொல்லி வைத்தாள்.
கொஞ்ச நேரம் எதுவும் செய்யவில்லை.
ஜன்னலுக்கு வெளியே இரவு ஒன்பது மணி வெயில்,
சைக்கிள்கள் இல்லாத சைக்கிள் கொட்டகை.

உர்போவை அழைத்தாள்.
படகில் இருந்தார்; தண்ணீர் பலகையை அறைவது கேட்டது.
உங்கள் முடிச்சுகள் ஆறு மிஞ்சியிருக்கின்றன, என்றாள்,
அழித்ததையும் ஞாயிறு வரை மீட்கலாம்.
என்ன செய்யட்டும்?
அழி, அழி, என்றார்.

சொல் இரட்டிப்பதற்கு எங்கள் இலக்கணம் காரணம் வைத்திருக்கிறது:
விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம்.
இது எதில் சேரும் என்று தெரிவதற்குள்
தூண்டிலில் ஏதோ மாட்டி
வைத்துவிட்டார்.

நீலோ இப்போது எங்கே மாலுமியோ.
சைமி ஒன்பதாம் பக்கத்தைத் தாண்டினாளா,
தளத்தில் அதற்குக் குறிப்பில்லை.

ஐந்தை அழித்தாள்.
ஒன்று இருக்க வேண்டும், செப்டம்பரில் புது ஆட்கள் வருவார்கள்.
விதிப்படி அதன் பெயரைச் சுருக்கி
ஆண்டும் பாட எண்ணும் சேர்க்க வேண்டும்.
சேர்க்கவில்லை.
யாரோ கேட்டீர்கள், பெயர் மறந்துவிட்டேன்
என்றே கிடக்கிறது அது, முதல் வாரத்தின் கீழே.

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்:
உங்கள் பணியால் மிச்சமான இடம்.
சுழி என்று நிரப்பி,
அனுப்பும் பொத்தானை
ஒரே ஒரு முறை அழுத்தினாள்.