இருநூறு அல்ல

அத்-பாஷியில் அக்டோபரிலேயே பனி.
கஷ்கரிலிருந்து முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்த நீல லாரி
வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு
என் பட்டறை வாசலில் உட்கார்ந்துவிட்டது.
தெமிர்கான் குச்சியை உருவிக் காட்டினான்.
பால் கூடிப்போன டீ நிறத்தில் எண்ணெய்.
"ஹெட் கேஸ்கெட்" என்றேன்.
கடன்காரன் பெயரைக் கேட்டவன் போலத் தலையாட்டினான்.

கழற்றுவது எளிது.
இருபத்தாறு போல்ட். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு
வந்த வரிசையிலேயே நிறுத்தினேன்.
மூடுவதற்குத்தான் எண் வேண்டும்:
எவ்வளவு முறுக்கினால் பிடிக்கும்,
எவ்வளவு முறுக்கினால் அறும்.

லாரியோடு வந்த புத்தகத்தில்
நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்து நூற்றுப் பதினைந்து.
நடுத்தாளை அடுப்பு தின்றிருக்கிறது.

பிஷ்கெக்கில் மைத்துனன் தூலோத்:
"இருநூறு. எல்லாத்துக்கும் இருநூறு."
ஓஷ்காரர்: "இருபது. உன் ரெஞ்சில் இருப்பது கிலோவா, நியூட்டனா?"
டோக்மோக்கின் டுங்கான் கிழவர் யூசுருக்குப் படம் அனுப்பினேன்.
"சீனம் பேசுவேன் சைகல், படிக்க வராது.
எங்களுக்கு ரஷ்ய எழுத்துதானே" என்று சிரித்தார்.
சுங்க அலுவலகத்துப் பெண் படித்தாள்,
பொறுமையாக, வரி வரியாக.
அது கியர் பாக்ஸ் பக்கம்.

இதற்குள் பதினான்கு நாற்காலி இறங்கிவிட்டது.
வந்தவன் போனவன் எல்லாம் அதில் அமர்ந்து
ஆளுக்கொரு எண் சொன்னான்.
ஒருவன், "கை சொல்லும்" என்றான்.
என் கை பல தடவை பொய் சொல்லியிருக்கிறது.
அதை அவனிடம் சொல்லவில்லை.

இரவு, வேறு வேலையில்லாமல்,
டீசல் துணியால் பிளாக்கின் விலாவைத் துடைத்தேன்.
தகடு தெரிந்தது. கடைசி எழுத்து வேறு.
பத்திரத்தில் ஓர் எஞ்சின், பானெட்டுக்குள் இன்னொன்று.
பகலெல்லாம் திரட்டிய எண்கள்
பக்கத்து வீட்டுக்கு வந்த தபால்.

தோருகார்த் கணவாயில் லாரி வரிசை.
தெமிர்கானின் தோழன் மர்லிஸ்
ஜன்னல் ஜன்னலாகத் தட்டி அந்த எழுத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தான்.
பதினோராவது லாரியில் முத்தல்லிப் என்றொருவர்.
படுக்கைக்கு அடியில் புத்தகம், வாயில் டார்ச்.
போன் முழுக்கக் காற்று.
"அறுபதா, எழுபதா?" கத்தினேன்.
கண்ணாடியில் விரலால் தட்டினார்.
எண்ணினேன். ஏழு.

முதல் சுற்று எழுபது. அடுத்தது நூற்று நாற்பது.
அதற்குமேல் எண்ணே கிடையாது:
கால் வட்டம். இன்னொரு கால் வட்டம்.
"பழைய போல்ட் ஆகாது. நீண்டிருக்கும்.
நம்பாவிட்டால் அளந்து பார்."

அளந்தேன்.
ஒன்பதாவது, வெர்னியரில், ஒன்றரை மில்லி கூடுதல்.
இழுத்த மிட்டாய் போல இடுப்பு மெலிந்திருந்தது.
தலைக் குழியில் கரியைச் சுரண்டினேன்.
மஞ்சள்.

என் தங்கையின் நகப்பூச்சு.
இறுக்கி முடித்த போல்டுக்கு
இந்த மாகாணத்தில் பொட்டு வைப்பவள் நான் ஒருத்திதான்.
மூன்று வருடம் முன்பு ஒரு சிவப்பு லாரி,
விடிவதற்குள் போக வேண்டியவன்,
இருநூறு.
தூலோத்துக்கு அந்த எண்ணைச் சொன்னவளும் நான்தான்.

போல்டைச் சட்டைப் பையில் போட்டேன்.
கதவு வரை போனேன்.
திரும்பி வந்து ஒன்பதாம் ஓட்டையில் நட்டு வைத்தேன்.

காலையில், அவன் டீயை முடிப்பதற்குள், சொல்லிவிட்டேன்.
தெமிர்கான் நெடுநேரம் அந்த மஞ்சளைப் பார்த்தான்.
"கூலி?"
"வேண்டாம்."
"கேஸ்கெட்டும் போல்டும்?"
"பாதி நான்."
"முக்கால்" என்றான்.
சரி என்றேன்.

வியாழக்கிழமை மினிபஸ்ஸில் புது போல்ட் வரும்.
சுவரில் சாக்பீஸால் எழுதினேன்:
எஞ்சின் எழுத்து, எழுபது, நூற்று நாற்பது, கால், கால்.
கீழே, கொஞ்சம் பெரிதாக: இருநூறு அல்ல.
பிறகு தூலோத்துக்குப் போன் போட்டேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
இன்னும் யார் யாருக்குச் சொன்னானோ.