இரண்டு விரற்கடை இடப்பக்கம்

மயூர் விஹார், மூன்றாம் மாடி.
ஆறடிக்கு மூன்றரையடி பால்கனி.
அதில் பாதியை அடைத்துக்கொண்டு
தீபாவளி முதல் வேலையற்றுக் கிடந்தது கூலர்.

மோட்டாரைக் கழற்றி ஓரம் வைத்தேன்.
அடித்தொட்டியில் ஏற்கெனவே ஓர் ஓட்டை.
போன ஜூனில் அதைத்தான் அத்தனை திட்டினோம்.
இப்போது அது வடிகால்.
மூன்று மூட்டை மண், ஒரு மூட்டைச் சாணித்தூள்,
ஒரு பக்கம் வெந்தயம், மறுபக்கம் கொத்தமல்லி,
நடுவே ஊதாப் பூ.
பெட்டூனியா என்பது வாயில் நுழையாமல்
பித்தூனியா என்றே கூப்பிடுகிறேன்.
பித்துதான்.

மாசிலாமணிக்கு எல்லாம் நேர்கோட்டில் வேண்டும்.
அவர் வைத்தால் தொட்டிகள் உயர வரிசையில் நிற்கும்,
பள்ளிக்கூடப் போட்டோ மாதிரி.
அவர் ஆபீஸ் போனதும் நான் கலைப்பேன்.
சாயங்காலம் வந்து
ஷூவைக்கூடக் கழற்றாமல் மறுபடி அடுக்குவார்.
பன்னிரண்டு வருடத் தாம்பத்தியத்தில்
இவ்வளவு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

கபாடி அஃப்தாப்
எடைக்கு வாங்கியதை எடைக்கே விற்றார்.
மூளியான நீல டைல்ஸ் நாலு கிலோ.
அவரைக்கொடி ஏற, டயர் இல்லாத சைக்கிள் சக்கரம்.
மூடி தொலைந்த பிரஷர் குக்கர்,
அதில் கற்றாழை, விசில் பயமில்லாமல்.
கடைசியாக வண்டியின் அடியிலிருந்து
ஒரு பீரோக் கதவின் கண்ணாடி.
யாரோ ஒட்டிவிட்டுப் போன மெரூன் பொட்டு
மூலையில் இன்னும் இருந்தது.

சுவரில் சாய்த்து வையுங்கள்,
தோட்டம் ரெட்டிப்பாகும் என்றார்.
ஆனது.
வெந்தயத்துக்குப் பின்னால் வெந்தயம்,
சக்கரத்துக்குப் பின்னால் சக்கரம்,
அதற்கும் பின்னால் நைட்டியில் ஒருத்தி, தலைவாராமல்.
ஒரு புல்புல் தினமும் வந்து
தன்னோடு சண்டைபோட்டுத் தோற்றது.

பத்தாம் நாள் அழைப்புமணி.
எதிர்க் கட்டிடம், முதல் மாடி, மிஸஸ் பட்னாகர்.
கண் கூசுகிறதென்று சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்.
என் ஓட்டை இந்தியில் ஒரு மன்னிப்பை
அவசரமாகக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அவர் உட்காரவில்லை.
வடக்குப் பார்த்த வீடு, என்றார்.
அக்டோபரில் போன வெயில்
ஹோலிக்கு அப்புறம்தான் திரும்பும், என்றார்.
மூன்று மணிக்கு உங்கள் கண்ணாடி
என் ஜன்னல் விளிம்பில்
கைக்குட்டை அளவு விரிக்கிறது.
கேரட், காலிஃபிளவர், டர்னிப் போட்டு
ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிறேன்.
பாதி ஜாடிக்குத்தான் படுகிறது.
கொஞ்சம், இரண்டு விரற்கடை, இடப்பக்கம்…

யாருக்கு இடம் என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஞாயிறு மூன்று மணி.
எதிர் ஜன்னலில் அவர், போனில் நான்,
முழங்காலிட்டு மாசிலாமணி.
இன்னும், இன்னும், அய்யோ போச்சு, திரும்ப, பஸ்.
நீல டைல் சில்லொன்றை முட்டுக்கொடுத்து
வாழ்நாளில் முதன்முறையாக
ஒரு பொருளைக் கோணலாக வைத்து
அப்படியே விட்டார்.

பிறகு பதினோரு நாள் புகைமூட்டம்.
கண்ணாடியில் கண்ணாடிக்கே ஒன்றும் தெரியவில்லை.
அங்கே தலையில் துணி கட்டிக்கொண்டு
ஜாடி காத்திருந்தது.

ஜனவரியில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வந்தது.
தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம்.
கடுகு மூக்குக்கு ஏறி
இருவருக்கும் கண்ணில் தண்ணீர்.
கிண்ணத்தைச் சும்மா திருப்பக் கூடாதே,
வெந்தயக்கீரை வைத்துக் கொடுத்தேன்.

இப்போது சூரியன் உச்சிக்கு ஏற ஏற
கண்ணாடியின் வெயில் கீழே இறங்குகிறது.
முதல் மாடியிலிருந்து தரைத்தளம்,
அங்கிருந்து யாருடையதோ ஸ்கூட்டர் சீட்,
நேற்று இஸ்திரிக்காரரின் மேசை.
அவர் மேலே பார்த்து ஏதோ முணுமுணுத்தார்,
மேசையை ஓரடி தள்ளிப் போட்டார்.
இந்தி புரியாத முகத்தோடு நின்றேன்.

ஏப்ரலில் கூலர் கூலராக வேண்டும்.
மண்ணை எங்கே கொட்டுவது,
பித்தூனியாவை யாரிடம் கொடுப்பது,
ஓட்டையை அடைக்க வேண்டும்.
மாசிலாமணி எம்-சீல் வாங்கிவந்து
ஒரு வாரமாகிறது.
டி.வி. மேல் இருக்கிறது,
பிரிக்காமல்.