ஏழாவது முட்டி

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால்
தகரக் கூரையின் கீழே
ஆறு முட்டிகள் நடந்துகொண்டிருக்கின்றன.
தொடை கிடையாது. பாதம் கிடையாது.
போய்ச் சேர ஓர் இடமும் கிடையாது.
நொடிக்கு ஓர் அடி.

மேலே கோபால்ட் குரோம், அதில் முகம் பார்க்கலாம்.
கீழே குழிந்த வெள்ளைப் பிளாஸ்டிக்.
நடுவில் கன்றுக்குட்டி சீரம்,
முப்பத்தேழு டிகிரியில்,
நீர்த்த மோர்க்குழம்பின் நிறத்தில்.
கெடாமலிருக்க மருந்து கலக்கிறோம்.
அப்படியும் ஐந்தாம் நாள் அது தன் புத்தியைக் காட்டும்.
வீட்டுக்குப் போனால் மகன் மூக்கைச் சுளிக்கிறான்:
"அம்மா, ஆட்டுத்தொட்டி நாத்தம்."

பதினொன்றரை நாளில் இவற்றுக்கு ஒரு வருஷம்.
ஒரு மனுஷன் வருஷத்துக்குப் பத்து லட்சம் அடி என்று
எங்கோ யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.
அந்த மனுஷன் சமதரையில் நடக்கிறவன்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால்
குனிந்து நுழையமாட்டான்.
தண்ணி லாரிக்குப் பின்னால்
இரண்டு குடத்தோடு ஓடமாட்டான்.
காசிமேட்டில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில்
நாலு மணி நேரம் குந்தி
வஞ்சிரம் வெட்டமாட்டான்.
நல்ல மனுஷன்.
எந்த ஊரோ.

"குந்தி எழுந்திருக்கிற மாதிரி
ஒரு சுற்று சேர்க்கலாமா சார்?"
"ஸ்டாண்டர்டுல இல்லையேம்மா"
என்ற வஜ்ரவேலு சார்
தன் அறைக்கு மாடியேறினார்,
படிக்குப் படி
இரண்டு காலையும் சேர்த்து வைத்து.

ஐந்து லட்சத்துக்கு ஒருமுறை
நிறுத்தி, கழற்றி, உலர்த்தி, எடை போடவேண்டும்.
கழுவுவது பியூலா.
நெட்டுக்குப்பத்துக்காரி,
சங்கராவுக்குச் செதிள் எடுக்கிற கை.
தராசு, மில்லிகிராமை நூறாக வகுந்து பார்க்கிற சாதி.
கல்லறைக்கு வெட்டிய கருங்கல்லில்
ஏற்றி வைத்திருக்கிறோம்.
அப்படியும் மணலி ரோட்டில்
ஒரு கன்டெய்னர் பள்ளத்தில் இறங்கினால்
கடைசி எண் துள்ளும்.
அதனால் ராத்திரி காத்திருப்போம்.
துறைமுக வரிசை எண்ணூர் வரை அசையாமல் நிற்க,
டிரைவர்கள் இறங்கி
லாரி நிழலில் பீடி பற்றவைக்கிற நேரம்
நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு
எண்ணைப் படிப்போம்.

ஏழாவது ஒன்று உண்டு. அது நடப்பதில்லை.
அதே சூடு, அதே சீரம், அதே பாரம்.
சும்மா உட்கார்ந்து ஊறும்.
கொஞ்சம் குடித்து, கொஞ்சம் கனக்கும்.
நடப்பவையும் குடிக்கின்றன,
குடித்துக்கொண்டே தேய்கின்றன.
ஏழாவது எவ்வளவு குடித்தது என்று தெரியாமல்
மற்றவை எவ்வளவு இழந்தன என்று
சொல்லவே முடியாது.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
இதைச் சோம்பேறி என்று நினைத்திருந்தேன்.

முப்பது லட்சம் முடிந்த இரவு
ஐந்து முட்டிகள்
ஆளுக்கு நாலைந்து கடுகு இழந்திருந்தன.
நாலாவது பதினேழு.
திரும்பப் போட்டோம். பதினேழு.
ஏழாவதைக் கழித்துக் கூட்டி
இன்னொரு தடவை. பதினேழு.
லென்ஸை வைத்தால்
பிளாஸ்டிக்கில் நகம் கீறியது போல் ஒரு கோடு.

"மார்க்கெட்டு இரும்புத் தூசி
எப்படியோ உள்ள பூந்திருக்கு.
ஒடம்புக்குள்ள சாத்தாங்காடு தூசி
எப்படிம்மா போவும்?
நாலை விட்டுடு."

"தூசி போகாது சார்.
எலும்புத் துகள் போகும்.
ஒட்ட வச்ச சிமெண்ட் உதிர்ந்தா
அதுவும் போகும்."

அவர் பேசவில்லை.
பியூலா கையுறையைக் கழற்றாமல் நின்றாள்.
வெளியே யாரோ ஹாரன் அடித்துப் பார்த்து
விட்டுவிட்டார்கள்.

"நாலு இப்பவும் நடக்குதா?"
"நடக்கும் சார். மாட்டினா நடக்கும்."
"சத்தம் ஏதும்?"
"இல்ல சார்."
முட்டியைத் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.
தன்னுடையதை.
"அப்ப எழுது.
தூசின்னும் எழுது, பதினேழுன்னும் எழுது."

எழுதினேன்.
கடுகென்று அல்ல, மில்லிகிராமில்.
நாலே காலுக்குப் புதுச் சீரம் ஊற்றி
ஆறையும் மறுபடி கிளப்பினோம்.
ரோட்டில் வரிசை நகர ஆரம்பித்தது.
தட்டில் ஒன்றுமே இல்லாத தராசு
எதையோ எடை போட்டுக்கொண்டிருந்தது.