குளம்புத் தடம்

மூன்று நாள் மழை. நாலாம் நாள் வெயில்.
அந்த வெயிலைத்தான் நான் நம்புவதில்லை.

பூட்டிக் கிடக்கும் குவாரிக்குக் காவல் நான்.
மேலூருக்குக் கிழக்கே, எந்தப் பேருந்தும் நிற்காத ஊர்.
நல்ல கல் லாரியேறிப் போனபின்
கொட்டிவிட்டுப் போன கழிவுமேடு
கண்மாய்க்கரையை விட உயரம்.
அதன் காலடியில் ஒற்றையடிப் பாதை.
சுற்றிப் போனால் இரண்டு மைல்.

விடிந்ததும் கம்பியோடு போகிறேன்.
குத்தினால் ஒரு முழம் இளக்கம்,
அப்புறம் கெட்டி,
அப்புறம் கம்பி தானாக இறங்குகிறது.
அந்தத் ‘தானாக’ எனக்குத் தெரியும்.

பதினெட்டாயிரம் அடியில்
பனியில் ஆளுயரக் குழி வெட்டிச்
சுவரைக் கையுறையால் தடவிப் பார்ப்போம்.
மேலே காற்று அடித்து இறுக்கிய பனி,
தட்டினால் தகரம்.
அதற்கும் கீழே
ரேஷன் சீனி மாதிரி ஒரு வரி,
ஒன்றோடொன்று ஒட்டாது.
மேலே உள்ளது மொத்தமும்
அந்த விரற்கடைச் சீனியில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாள் குழி வெட்டவில்லை.
முன்னே போனவர்களின் தடம் இருந்தது.
தடம் இருக்கே, போகலாம் என்றேன்.
நாலு பேர் கடந்தோம்.
ஐந்தாவது, குழித்துறை எட்வின்.
‘ஹ்ம்’ என்று ஒரு சத்தம்,
தூக்கத்தில் யாரோ புரண்ட மாதிரி.

இதை அழகுமீனாளிடம் எப்படிச் சொல்ல?
இருபத்தாறு உருப்படியோடு வந்து நிற்கிறாள்.
“போகலாமாண்ணே?”
“இன்னிக்கு வேணாம்.”
“நேத்து போனேனே.”
“நேத்து மழை.”
“மழையில போகலாம், வெயில்ல போகக் கூடாதா?
பட்டாளத்துல இதான் சொல்லிக் குடுத்தாகளா?”

சுற்றித்தான் போனாள்,
வழி நெடுக என் வம்சத்தை
ஆடுகளுக்கு விளக்கிக்கொண்டே.

இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.
ஒன்றும் விழவில்லை.
ஒரு கல்லாவது உருளக் கூடாதா என்று
எனக்குள்ளே கெட்ட ஆசை ஒன்று,
சொல்லக் கூசுகிறது.

மறுநாள்
காது கிழிந்த கிடா, அவள் கத்தலுக்கு அடங்காமல்
மேட்டடியில் நேராக நடந்தது.
நட்டநடுவில் நின்று
கொழுஞ்சித் துளிர் இரண்டு கடித்தது.
அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தது.
அவள் என்னைப் பார்த்தாள்.
பேசவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
கிடா ஒன்று. போனது. நேரம் ஏழு பத்து.

பிறகு கருவேலங்கொப்பு ஒன்றை இழுத்துக்கொண்டு போய்
குளம்புத் தடங்களை ஒவ்வொன்றாக அழித்தேன்.
அதற்கு நானும்
மேட்டடிக்குள் போக வேண்டியிருந்தது,
மேலே பார்த்தபடி,
மூச்சுக்கூடச் சத்தமில்லாமல்.