நாற்பத்தியோராவது நிமிடம்

ஒப்புதல் படிவம் இரண்டு பக்கம்.
தமிழில்தான் இருந்தது,
யாருடைய தமிழ் என்றுதான் எனக்கே விளங்கவில்லை.
'எந்நேரமும் விலகிக்கொள்ளும் உரிமை தங்களுக்கு உண்டு.'
ப-7 எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்:
"எங்க வூட்லர்ந்து நான் எங்க வெலகிப் போறது?"

சிரித்தோம்.
அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொண்டேன்,
அடைப்புக்குறிக்குள்.

காசிமேட்டுக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவே
ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
பெருங்குடியிலிருந்து வண்டி கொடுத்திருந்தார்கள்.
தெருமுனையிலேயே இறங்கி நடந்தேன்,
ஏசி காரில் வந்ததை அவள் பார்த்துவிடக் கூடாதென்று.
பார்த்திருந்தாள்.
தண்ணீர் லாரி அன்றைக்கு லேட்.
குடத்தோடு மாடியில் நிற்பவள் கண்ணுக்கு
எந்த வண்டிதான் தப்பும்?

எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்:
குறுக்கிடாதே. மௌனத்தை நிரப்பாதே.
கடன் செயலியைத் திறக்கும்போது
கட்டைவிரல் எந்த இடத்தில் தயங்குகிறது, பார்.

தயங்கியது.
'தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதிக்கவும்.'
ஈர விரலை நைட்டியில் துடைத்துக்கொண்டு
சரி என்று அழுத்தினாள்.
அதற்குள் அவள் நாத்தனார் இருக்கிறாள்,
பையனின் கணக்கு டீச்சர் இருக்கிறார்,
சீட்டுக்காரம்மா இருக்கிறாள்.
ஒரு தவணை தவறினால்
யார் யார் போன் அடிக்கும் என்பது
அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.
குறுக்கிடவில்லை.

இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கவனிப்பு.
கல்யாண வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள்,
ஆஸ்பத்திரியில் ஒன்று,
போலீஸ் ஸ்டேஷனில் வேறொன்று.

நாற்பத்தியோராவது நிமிடத்தில்
"அத்த கொஞ்சம் ஆஃப் பண்ணும்மா" என்றாள்.
பண்ணினேன்.
பிறகு அவள் சொன்னது எதுவும்
இந்தக் கவிதையில் இல்லை.
(மூன்றாம் மாடியும் இல்லை. ஊரின் அந்தப் பக்கமும் இல்லை.
மாற்றியிருக்கிறேன்.
நைட்டியைக்கூட.)

கிளம்பும்போது ஐந்நூறு ரூபாய் கூப்பன் கொடுத்தேன்.
ராயப்பேட்டை மாலில் செல்லுபடியாகும்.
"போய்வர ஆட்டோக்கே சரியாப் பூடும்" என்றாள்,
கோபமில்லாமல்,
கணக்குச் சொல்கிற குரலில்.

எட்டாம் மாடி. கண்ணாடிச் சுவர்.
அதில் மஞ்சள் சீட்டு மஞ்சள் சீட்டாக
பன்னிரண்டு வீடுகளை ஒட்டினோம்.
'பயன்பாட்டுச் சூழல்' என்பதற்குக் கீழே
என் கையெழுத்தில் ஒன்று:
ப-7, மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தனியாக இருப்பார்.

வசூல் பிரிவிலிருந்து வந்திருந்தார் ரெஜினால்ட்.
நல்ல மனிதர்,
யார் பிறந்தநாளென்றாலும் கேக் அவர் செலவு.
அந்தச் சீட்டை மட்டும் உரித்தெடுத்து
"இது யூஸ்ஃபுல்" என்றார்.

பெயரை எடுத்திருந்தேன்.
முகத்தை மங்கலாக்கியிருந்தேன்.
கதவு எண்ணைக் கறுப்படித்திருந்தேன்.
கடன் வாங்கியவளின் எல்லாமும்
அவர் கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருக்கிறது,
அந்த இரண்டு மணி நேரத்தைத் தவிர.

"கொடுங்க, அதுல ஒரு தப்பு இருக்கு."
வாங்கி அடித்துவிட்டு
காலை ஆறிலிருந்து ஏழு என்று எழுதினேன்.
லாரி வருகிற நேரம்.
தெரு முழுக்கக் குடத்தோடு நிற்கும்.

அத்தனை பெண்கள் நடுவே ஒருவன் வந்து
கடனைக் கேட்டால்
அது அவளுக்குக் காவலா, மானக்கேடா?
லிஃப்டில் இறங்கும்போதுதான் தோன்றியது.

என் வேலையில் நான் எழுதிய முதல் பொய்த் தரவு.
அதையும்
அவளைக் கேட்காமல்தான் எழுதினேன்.