பத்து வினாடி

மசேருவில் ஜூலை.
தகரக் கூரையில் பனி விறைத்துக் கிடக்கிறது.
செவிலியர் கல்லூரியின் மூன்றாம் அறையில்
இன்று வகுப்பு எங்களுக்கு,
ஆசிரியைகளுக்கு.
பத்தொன்பது வருடம் சிவப்பு மையில் பேசியவள் நான்.

கட்டிலில் பொம்மை.
இடது கையில் சுண்டுவிரல் இல்லை,
லாரியில் வரும்போது எங்கோ கழன்றதாம்.
தொடைக்கடியில் ஒரு பை, பையில் பீட்ரூட் சாறு.
குழந்தை பிறந்து இருபது நிமிடம், ரத்தம் நிற்கவில்லை.
இதுதான் கதை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், மைக்கோடு.
பொம்மையின் குரல் என் பொறுப்பு.
தாளில் இரண்டே வரி:
தலை சுற்றுகிறது.
குளிருகிறது.

அந்தப் பக்கம் லிமகாட்சோ,
பன்னிரண்டு வருடம் பாடம் எடுத்தவள்,
ரத்த அழுத்தப் பட்டையோடு மல்லுக்கட்டுகிறாள்.
என் வாய் துறுதுறுக்கிறது.
வயிற்றைத் தேய், அடிவயிற்றைத் தேய்...
பயிற்றுநர் மொஹாவ் என் முழங்கையில்
ஒரு விரல் வைத்தார்.
விழுங்கினேன்.

மைக்கை அழுத்தினேன்.
தலை சுற்றுகிறது என்றுதான் சொல்ல வந்தேன்.
வந்தது:
"ஆடுகளை அடைத்தாச்சா?"

தாளில் இல்லாத வரி.
என் இரண்டாவது இரவுப்பணி, எட்டாம் எண் கட்டில்.
அவள் இப்படிக் கேட்டதும்
பேசாமல் படு என்று நான் அதட்டியதும்
எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

லிமகாட்சோ பட்டையை விட்டாள்.
பொம்மையின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தாள்.
"அடைத்தாச்சு அம்மா. என்னைப் பாருங்க."
பொய். ரப்பரிடம் போய்ப் பொய்.
சொல்லிக்கொண்டே
அவள் கை அடிவயிற்றுக்கு இறங்கியது.

பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம்.
என் தாளில் ஏழு தவறுகள், அடிக்கோட்டோடு.
மொஹாவ் அதை வாங்கி மடித்து
தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார்.
கேள்வி ஒன்றுதான் கேட்கலாம்,
கேட்டபின் பத்து வினாடி வாய் திறக்கக்கூடாது.

"அப்போது என்ன நினைத்தாய்?" என்றேன்.
ஒன்று. இரண்டு.
ஹீட்டர் டிக் டிக்கென்றது.
ஆறில் பாதி பதில் என் பல்லுக்குப் பின்னால் வந்துவிட்டது.
ஒன்பதில் அவள் சொன்னாள்:
"முதலில் கோபம். தாளில் ஆடே இல்லையே!"
எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.
"நீங்கள் என்ன நினைத்தீர்கள்?" என்று
என்னைக் கேட்டாள்,
கேட்டுவிட்டு
விதிப்படி
வாயை மூடிக்கொண்டாள்.